கூடத்தில் எழும்பிய குன்று

சங்கராபுரத்தில் சர்வேயர் அறிவுச்செல்வன் வீட்டுக் கூடத்தில் முந்தின வருட ஐப்பசியில் ஒரு குன்று எழும்பியது. கூரையின் உயரம் பத்தடி, குன்றின் உயரம் பதினாறடி. இதெப்படி என்று கேட்டவர்களிடம் டேப்பை நீட்டினான். அளந்தார்கள், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தப்பு அவனுடையது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அதே கூடத்து டைல்ஸில் மனைவி சந்தியா வழுக்கி விழுந்து, வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து பளபளப்பான எந்தத் தரையிலும் அவன் கால் வைப்பதில்லை. அவள் மறுபடி உண்டானதும், கல்வராயன் மலையில் இடித்த ஒரு பழைய பங்களாவின் தரைக்கட்டைகளைக் கள்ளக்குறிச்சி மரக்கடையில் கட்டுக்கட்டாக வாங்கிவந்தான். ஆளை நம்பாமல், போனில் வீடியோ பார்த்து, தானே ஆணி பிடுங்கி, பழைய பசையைச் சுரண்டி, மீன்முள் மாதிரி கோத்துப் பதித்தான். சுவரோரம் விரலளவு இடம் விடுங்கள், மரம் உப்பும் என்று வீடியோக்காரன் மூன்று தரம் சொன்னான்.

"இடுக்கு வுட்டா பூரான் பூந்துக்கும். புள்ளத்தாச்சி இருக்கிற வூடு" என்று சொல்லிச் சுவரை முட்ட இறுக்கி அடித்தான்.

கல்வராயன் மலையில் மழை பிடித்தது. சங்கராபுரத்தில் ஒரு தூறல் இல்லை, ஆனாலும் கட்டைகள் உப்பின. பக்கவாட்டில் போக இடமில்லாமல் மேலே கிளம்பின. முதல் நாள் கவிழ்த்த தட்டளவு, ஒரு வாரத்தில் வரப்பளவு, தீபாவளிக்குள் உச்சியில் பனிமூட்டம். படுக்கையறை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, சமையலறையும் தெருக்கதவும் மறுபக்கம். சந்தியாவை ஏறவிட அவனுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வேளைச் சோற்றையும் அவனே தூக்கு வாளியில் வைத்துக் குன்றேறிக் கொண்டுபோனான். ஓரத்தை வெட்டிவிடலாம் என்று உளியை எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"நான் இந்தப் பக்கம் படுத்துக்கினு இருக்கேன். ஒரேயடியா எம்மேல சாஞ்சிச்சின்னா இன்னாங்க பண்ணுவீங்க?"

உளியைக் கீழே வைத்துவிட்டான்.

டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முந்தி, ஒரு மத்தியானம் வலி கண்டது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சர் இந்தச் சரிவில் ஏறாது என்றாள் அதில் வந்த நர்ஸ் செலினா.

"நானே ஏறிக்கினு வரேன். நீங்க பின்னாடி வாங்க" என்றாள் சந்தியா.

வெறுங்காலோடு ஏறினாள். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மூச்சுவிடவும் பயந்து, பின்னால் போனான். ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் அவள் பாதத்துக்குப் படியாக நின்றது. உச்சிக்குப் போனதும் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே முடியாதுங்க."

செலினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபக்கமாக ஏறினாள். பனிக்குள் பெண்குழந்தை பிறந்து வீறிட்டது. அறிவுச்செல்வன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"எதுக்கு அழுவுறீங்க? ஒரு எடத்துலயும் வழுக்கலையே" என்றாள் சந்தியா.

குன்றை அதன்பிறகு யாரும் வெட்டவில்லை. சித்திரை வெயிலில் அக்கம்பக்கத்தார் வந்து உச்சியில் படுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்குப் பூமாலை என்று பெயர். பத்து மாதத்திலேயே குன்றில் ஏறவும் இறங்கவும் கற்றுக்கொண்டாள். தெருவின் சமதரையில்தான் அவள் தடுமாறுகிறாள்.