மைனருக்குப் பொருந்திய பில்ரர்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் காலை, அச்சுவேலியில் வாடகைக் கார் ஓட்டிய சூசைதாசன், பிரசவ வலி கண்ட குணலட்சுமியை மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். பின் ஆசனத்தில் அவளுடைய தாயும் இருந்தாள். வல்லை வெளியின் நடுவில் அவனுடைய மொறிஸ் மைனர் கறுப்புப் புகை கக்கி, இருமி, நின்றுவிட்டது.

போரால் பெற்றோலுக்குத் தடை இருந்த காலம் அது. எஞ்சினை எழுப்பச் சில துளி பெற்றோல் விடுவார்கள். எழும்பிய பிறகு மண்ணெண்ணெயில்தான் ஓட வேண்டும். சூசைதாசன் துளித் துளியாக விட்டுப் பார்த்தான். கார் எழும்பவில்லை. உள்ளே குணலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"தம்பி, ஏதாவது செய்யுமன்," என்று தாய் அழுதாள்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் எயார் பில்ரர் இருந்த வட்டத் தகரப் பெட்டியை அவன் திறந்தான். கடதாசி மடிப்புகள் முழுவதும் புழுதியும் கரியும் அப்பிப் போயிருந்தன. காற்றுப் போக வழியே இல்லை. அதைத் தூக்கிக் காருக்குள் போட்டுவிட்டு எஞ்சினை இயக்கினான். கார் உறுமிக்கொண்டு எழும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் குணலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சூசைதாசன் வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டான். "ஸ்ரெல்லா, பில்ரர் இல்லாமல் கார் பறக்குது! உந்தச் சாமான் இனித் தேவையே இல்லை."

ஸ்ரெல்லா பிள்ளை பிறந்த கதையை முழுதாகக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். பிறகு காரின் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். விரல் நுனி செம்புழுதியில் சிவந்திருந்தது.

"வெளியிலை இவ்வளவு புழுதி எண்டால் எஞ்சினுக்குள்ளை எவ்வளவு போயிருக்கும்? பிஸ்ரன் தேஞ்சு போனால் ஆரிட்டைப் போய் வாங்குவியள்?"

கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வருவது நின்று நெடுங்காலம். காரை அப்படியே நிறுத்திவிட்டு, மறுநாள் இருவரும் ஒரே சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனார்கள். பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் கிறகோரி அங்கே இருந்தார். ஸ்ரெல்லாவின் பையில் பழைய பில்ரரும், அவள் சட்டை தைக்கும் அளவு நாடாவும் இருந்தன.

கிறகோரி மூன்று பில்ரர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று உழவு இயந்திரத்தினுடையது. அதைப் பார்த்ததுமே சூசைதாசன் சிரித்துவிட்டான்; மைனரின் தகரப் பெட்டி இரண்டு அதற்குள் போய்விடும். அடுத்தது ஏதோ ஒரு வான் வண்டிக்குரியது, உறைகூடப் பிரிக்காத புதுச்சாமான். மூன்றாவது கழற்றிய மைனர் ஒன்றிலிருந்து எடுத்தது, பழுப்பேறியது.

"இந்தப் புதுசுதான் எனக்கு," என்று சூசைதாசன் உறையைப் பிரித்தான்.

ஸ்ரெல்லா நாடாவை எடுத்தாள். வெளிச்சுற்றுச் சரியாக இருந்தது. உள் துவாரமும் சரி. உயரத்தை அளந்தபோது பழையதைவிட அரை விரல் குறைந்தது.

"மூடிக்கும் இதுக்கும் இடையிலை நீக்கல் வரும்," என்றாள்.

"ஒரு றப்பர் வளையத்தை வெட்டி வைச்சால் போச்சு."

"வல்லை றோட்டுக் குலுக்கத்திலை றப்பர் விலகினால்? புழுதி கடதாசியைத் தொடாமலே உள்ளுக்குப் போயிடும். பிறகு பில்ரர் இருந்தென்ன, விட்டென்ன?"

"தங்கச்சி கதைக்கிறதிலை நியாயம் இருக்கு," என்றார் கிறகோரி. "ஆனால் மற்றது பழசு. அதையும் பாத்துத்தான் எடுக்கவேணும்."

மூவரும் முற்றத்துக்கு வந்தார்கள். சூசைதாசனே அந்தப் பழுப்பேறிய பில்ரரை வெயிலுக்கு நேரே பிடித்து, உள்ளிருந்து பார்த்து, மெல்ல மெல்லச் சுற்றினான். எங்காவது பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அது கிழிசல். ஒன்றுமே தெரியாவிட்டால் அடைசல். மடிப்புக்கு மடிப்பு மங்கலான வெளிச்சம் ஒரே சீராகத் தெரிந்தது. விளிம்பு றப்பரை அமுக்கினான். வெடிக்கவில்லை, மெத்தென்று இருந்தது. உயரமும் நாடாவில் சரியாக வந்தது.

"ஓம், இதுதான்," என்றான். புதுசைத் திரும்ப உறையில் போடும்போது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் மனம் வரவில்லை.

கிறகோரி விலை சொல்லவில்லை. "கரவெட்டியிலை என்ரை அக்கா இருக்கிறா. சைக்கிளிலை அவ்வளவு தூரம் போக எனக்கு இப்ப ஏலாது. ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவியளே?"

"இதென்ன கேள்வி அண்ணை, இந்த ஞாயிறே போவம்," என்றாள் ஸ்ரெல்லா.

வீட்டில் தகரப் பெட்டியைத் துடைத்து பில்ரரை வைத்தபோது மூடி இறுக்கமாக அமர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்து மூவரும் புறப்பட்டார்கள். வல்லை வெளியில் காற்றுப் புழுதியை வாரி இறைத்தது. கார் இருமவில்லை; புகையும் கறுக்கவில்லை. கரவெட்டிக்குப் போனதும் சூசைதாசன் மூடியைக் கழற்றி, பில்ரருக்கு உள்பக்கமாக வெள்ளைச் சீலைத்துண்டால் துடைத்து ஸ்ரெல்லாவிடம் நீட்டினான்.

"பாரும்."

துணி வெள்ளையாகவே இருந்தது. அவள் சிரித்தாள்.

வீட்டுக்குள் கிறகோரியும் அக்காவும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி வெட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "வெளியிலை நிக்காமல் உள்ளுக்கு வாருங்கோ, சோறு ஆறுது," என்று அக்கா கூப்பிட்டாள். முருங்கைக்காய்க் கறி வாசம் வாசல் படலை வரை வந்தது. இருவரும் கைகழுவக் கிணற்றடிக்குப் போனார்கள்.