சாறு ஓடும் வாரத்தில் நாங்கள் இல்லை

மார்ச் பதினான்காம் தேதி மாவட்டச் சாலைத்துறைக்காரர்கள் எங்கள் சாலை முனையில் தடைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பனி இளகி அடிமண் களியானால் மரலாரி ஏறக்கூடாது. ஏறினால் சாலை பிளந்துவிடும். வருஷத்தில் அந்த ஐந்தாறு வாரம்தான் என் புருஷன் ரீட் லாரியை விட்டு இறங்குவான். மற்ற நாளெல்லாம் காலை நாலு மணிக்குப் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவான். நான் வேலை பார்க்கும் மர அறுவை மில்லிலும் அப்போதுதான் ஆளைக் குறைப்பார்கள். கட்டை வராமல் எதை அறுப்பது?

ஆனால் அதே வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறும் ஓடும். ராத்திரி உறைந்து பகலில் இளகினால் துளையிட்ட மரமெல்லாம் கொட்டோ கொட்டென்று கொட்டும். மாமனார் வெய்னோவுக்கு எண்ணூறு மரம். இறக்கிய சாறு வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும், உடனே காய்ச்சிப் பாகாக்க வேண்டும். அதனால் ரீட்டின் காங்கஸ் குடும்பத்தில் லீவு என்றால் காய்ச்சுகிற கொட்டகை. வேறு அர்த்தம் கிடையாது.

எங்கள் கல்யாணமும் பனி இளகும் வாரத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேறு எப்போது நேரம்? மறுநாள் காலையிலேயே என் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போடு, கொப்பரையில் சாறு இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே இறங்கவிடாதே, இறங்கினால் அடிபிடித்து எல்லாம் பாழ். இதுதான் எனக்குக் கிடைத்த தேன்நிலவு. அப்புறம் பத்து வருஷமாக அதே கொப்பரை, இடுப்பில் மட்டும் பிள்ளை மாறும். முதலில் ஐலி, பிறகு வெஸ், இப்போது ஒன்றேகால் வயது ஜூனி.

இந்த ஜனவரியில் மூன்றுக்கும் ஒரே வாரத்தில் வாந்தி. மூன்றாம் நாள் துவைக்கிற மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தபடி, தலையில் யாருடைய வாந்தியோ காய்ந்துகொண்டிருக்க, போனில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். தெற்கே கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. மார்ச் கடைசியில் வியாழன் போய்த் திங்கள் திரும்புவது. யாரிடமும் கேட்கவில்லை.

ரீட் போனில் நான் காட்டிய கடல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"உன் அப்பன். நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

சொல்லவில்லை. ரீட் முந்நூறு கட்டையை ஒற்றையாளாக லாரியில் ஏற்றுவான். அப்பனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச அவனுக்கு நாக்கு எழும்பாது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா கிரெட்டா ஒத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்துதான் வெய்னோவுக்கு விஷயம் போனது. திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஜூனி ஓட்ஸ் கஞ்சியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெஸ் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, இன்னொரு கால் தன்னுடையதே இல்லை என்று அழுதுகொண்டிருந்தான். ஐலியின் பள்ளிப் பஸ் வெளியே ஹாரன் அடித்தது.

பஸ் போனதும் வெய்னோ ஆரம்பித்தார். "எங்கயோ போறீங்களாமே."

"தீவுக்கு."

"நம்ம ஏரியில இல்லாத தீவா?"

"நம்ம ஏரியில இப்ப ஐஸ் மேல உக்காந்து மீன் பிடிக்கிறாங்க. நான் போறது தண்ணி தண்ணியா இருக்கிற இடம்."

"இருபது வருஷத்துல இந்த மாதிரி சாறு ஓடினதில்ல, டாரா."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க."

"கைப்பிள்ளைய விட்டுட்டுக் கடல் குளிக்கப் போற தாய நான் பார்த்ததே இல்ல."

"பிள்ளைய விட்டுட்டுப் போற அப்பன பார்த்திருக்கீங்கல்ல? கண்ணாடியில தெரிவாரு. மாசம் பூரா மரம் வெட்டுற காட்டு கேம்ப்லதான கிடந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

ரீட் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். தடவிய இடத்திலேயே மறுபடி தடவினான். "பார்ப்போம்பா," என்றான்.

வெய்னோ போனதும் கத்தியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "என்னத்தடா பார்க்கப் போற?"

"நாலு நாள்தான டாரா. அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் மரத்துல சாறு வராதா? இல்ல, உங்கப்பன் செத்துடுவாரா? நல்லாக் கேட்டுக்க. வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கார் கிளம்பும். நீ இருந்தாலும் கிளம்பும், இல்லாட்டியும் கிளம்பும். உன் சீட்ல என் பையை வச்சுட்டுப் போவேன்."

அவன் பூட்ஸை மாட்டினான். கொட்டகைக்குப் போய்விட்டான். செவ்வாயும் அங்கேதான், புதனும் அங்கேதான். வரும்போது உடம்பெல்லாம் புகை, கையெல்லாம் பிசுபிசுப்பு. அவன் தொட்ட கதவுப்பிடியில் ஜூனி கை ஒட்டிக்கொண்டது.

புதன் சாயங்காலம் கிரெட்டா போன் செய்தாள். "கோச்சுக்காத டாரா. அப்பா என்னையும் கொட்டகைக்கு வரச் சொல்லிட்டாரு. பிள்ளைங்கள எப்படி நான்..."

"எங்க பார்த்துப்பேன்னு கேக்குறியா? கொட்டகையில."

"அடுப்பு எரியுற இடத்துலயா? ஆபத்து இல்லையா?"

பத்து வருஷத்தில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை ஐலியைப் பஸ் ஏற்றினேன். எட்டுக்குக் கால் மணி இருக்கும்போது வெஸ்ஸையும் ஜூனியையும் காரில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ராத்திரியெல்லாம் காய்ச்சியிருக்கிறார்கள். கூரையே தெரியாத ஆவி. கொப்பரை ஓரத்தில் வெய்னோவும் கிரெட்டாவும், அடுப்பு வாயில் விறகோடு ரீட். டயப்பர் பையை, பால் புட்டியை, பாப்பாவை நிறுத்துகிற மடக்குத் தடுப்பை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுப்புக்கு எட்டாத சுவர் ஓரமாக வைத்தேன். ஜூனியைத் தூக்கி வெய்னோவின் கையில் கொடுத்தேன். அவர் அவளைப் பிடித்த விதம், யாரோ அவர் கையில் உயிர் மீனைக் கொடுத்த மாதிரி இருந்தது.

"இது என்ன?" என்றார்.

"உங்க பேத்தி. ஒம்பதரைக்குப் பால், பதினோரு மணிக்குத் தூக்கம். அடுப்புப் பக்கம் வரவே கூடாது. சாயங்காலம் ஐலியைப் பஸ்ல இருந்து இறக்கிக்கணும். ஒரு ஆள் இவங்கள மட்டும் பார்க்கணும். அந்த ஆள் கொப்பரையைத் தொடக்கூடாது. வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கிட்டா இன்னும் நல்லது."

"அதுக்கு எனக்கு ஏது ஆள்?"

"அப்ப பத்து வருஷமா ஒரு கையில பிள்ளையும் இன்னொரு கையில கரண்டியுமா நின்னது யாரு? பேயா?"

வெய்னோவின் முகம் சிவந்தது. கிரெட்டா குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்கத்தான். பிறகு அவளே வந்து ஜூனியை வாங்கிக்கொண்டாள். "நான் பார்த்துக்கறேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ கிளம்பு."

"கொப்பரைக்கு யாரு?" என்றார் வெய்னோ.

நான் வெஸ்ஸுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தேன். இன்ஜினைப் போட்டேன். கண்ணாடியில் கொட்டகை வாசலையே பார்த்தேன். பிள்ளைகளுக்காகவா, அவனுக்காகவா, எனக்கே தெரியவில்லை. எட்டு மணி. எட்டு இரண்டு. கியரைப் போட்டுவிட்டேன். கார் நகர்ந்தபோதுதான் பக்கத்துக் கதவு திறந்தது.

ரீட் ஓடிவந்து ஏறினான். கரி படிந்த ஜாக்கெட், சேற்றுப் பூட்ஸ்.

"அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. விறகைக் கீழ போட்டுட்டு வந்துட்டேன்."

"வாயைத் திறந்து போறேன்னு சொல்லலையா?"

"வந்துட்டேன்ல, டாரா."

வந்துவிட்டான்தான். விமானத்தில் ஏறியதும் தூங்கியும் விட்டான். எனக்குச் சந்தோஷம் பாதிதான் வந்தது. திருடன் மாதிரி நழுவி வந்தவன், ஒரு போன் வந்தால் அப்படியே நழுவித் திரும்பியும் போவான்.

போன் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்தது. கடற்கரையில் பொரித்த மீனை வாங்கி விரலால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். வெள்ளைத் தோல் அதற்குள் வெந்து இரண்டு பேரும் இறால் நிறத்தில் இருந்தோம். திரையில் வெய்னோவின் பெயர். ரீட் என்னைப் பார்த்தான். நான் மீன் முள்ளைப் பார்த்தேன். அவன் எடுத்தான்.

வெய்னோ பேசுவது எனக்கே கேட்டது. காது மந்தமானவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். "கொப்பரை அடிபிடிச்சுப் போச்சுடா! ஒரு நிமிஷம் வெளிய போய்ட்டு வந்தேன். அத்தனையும் கரி. தொட்டியில இன்னும் ரெண்டு நாள் சாறு நிக்குது. இன்னைக்கே கிளம்பி வா."

"ஜூனி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, கிரெட்டா வீட்டுல பூனை வாலைப் பிடிச்சுத் தொங்குறா. நான் கொப்பரையப் பத்திப் பேசறேன்."

"வெஸ்?"

"டேய்!"

ரீட் எழுந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெயில் பட்டுச் சிவந்த கழுத்து இன்னும் சிவந்தது.

"அப்பா, நான் வரமாட்டேன்."

மகனுக்கு முப்பத்தாறு வயதாகியும் அந்த மனுஷன் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

"என்ன சொன்ன?"

"வரமாட்டேன்னேன். கொப்பரையைத் தேய்ங்க. முடிஞ்ச அளவு காய்ச்சுங்க, முடியாதத கீழ ஊத்துங்க. திங்கட்கிழமை ராத்திரி வந்து பிள்ளைங்களக் கூட்டிக்கிறோம். அடுத்த வருஷம் டாரா கொப்பரைக்கு வரமாட்டா. வேணும்னா ஆள் போட்டுக்குங்க."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல. அவ மீன் தின்னுட்டிருக்கா."

போனை அணைத்தான். தட்டை எடுக்கப்போய் மணலில் கவிழ்த்துவிட்டான்.

"நான் எப்பச் சொன்னேன், அடுத்த வருஷம் வரமாட்டேன்னு?" என்றேன்.

"வருவியா?"

"வரமாட்டேன்."

"அதான்," என்றான். கவிழ்ந்த மீனை மணலிலிருந்து பொறுக்கி, ஊதி, பாதியை என்னிடம் நீட்டினான். பல்லில் மணல் நறநறத்தது. இரண்டு பேரும் முழுசாகத் தின்று முடித்தோம்.