மனோரஞ்சிதத்தின் சாட்சியம்

சாட்சியம் சொல்ல ஒரு கிழமை இருக்கும்போது மனோரஞ்சிதத்துக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவன் பெயர் சொல்லவில்லை. அவருடைய மகனுக்கு விமான நிலையத்தில் வேலை என்பது தனக்குத் தெரியும் என்றும், பாதுகாப்பு அனுமதி போனால் அந்த வேலையும் போய்விடும் என்றும் மரியாதையான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மனோரஞ்சிதம் மட்டக்களப்பில் சட்டத்தரணியாக இருந்தவர். பிறகு மேற்கு ஆபிரிக்க நாடொன்றின் மேல் நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தில் நீதிபதியாகப் போனார். அங்கே அவரும் இப்ராகிமா என்ற உள்ளூர் நீதிபதியும் ஒரு பத்திரிகை ஆசிரியரின் வழக்கை விசாரித்தார்கள். தீர்ப்புக்கு முதல்நாள் ஜனாதிபதியின் செயலாளர் அவர்களுடைய அறைக்கே வந்து, ஆசிரியர் சிறைக்குப் போகவேண்டும் என்றார். இருவரும் ஆசிரியரை விடுதலை செய்தார்கள். உடனே இருவருக்கும் பதவி போனது.

மனோரஞ்சிதம் கனடாவில் அஜின்கோர்ட்டில் இருக்கும் மகன் கிருஷாந்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இப்ராகிமா விடவில்லை. அந்த வட்டாரத்து நாடுகள் சேர்ந்து அமைத்த பொது நீதிமன்றத்தில் தன் அரசாங்கத்துக்கு எதிராகவே வழக்குப் போட்டார். செயலாளர் வந்ததைப் பார்த்த ஒரே சாட்சி மனோரஞ்சிதம். அவர் வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று நீதிமன்றம் அனுமதித்திருந்தது.

"அம்மா, உங்களுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது. பிறகு எதுக்கு?" என்றான் கிருஷாந்.

"எனக்காக இல்ல மனே. இப்ராகிமாவுக்கு."

"எனக்கு ரெண்டு பிள்ளையள், வீட்டு மோர்ட்கேஜ். அவங்கள் உங்கட பேரில பொய்யா ஒரு கம்ப்ளெயின்ட் அனுப்பினாலே காணும். இஞ்ச விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் என்ர எயார்போர்ட் பாஸ் இல்ல."

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் வேண்டாமெண்டு சொன்னா விடுவீங்களோ?"

"இல்ல" என்றார். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

சாட்சியத்தன்று காலை மாடி அறைக் கதவைச் சாத்தி, தனியாக இருப்பதைக் கமராவில் காட்டிவிட்டு உட்கார்ந்தார். திரையில் மூன்று நீதிபதிகள். அரசாங்கத்தின் சட்டத்தரணி எழுந்தார்.

"நீங்கள் வெளிநாட்டவர். உங்கள் ஒப்பந்தத்தை அரசாங்கம் முடிக்கலாம்தானே?"

"முடிக்கலாம். தீர்ப்புக்குத் தண்டனையாக முடிக்க முடியாது."

"செயலாளர் மரியாதைக்காக வந்திருக்கலாம்."

"ஆசிரியரின் பெயரைச் சொன்னார். எத்தனை வருடச் சிறை என்றும் சொன்னார். மரியாதைக்கு வருபவர்கள் அதைச் சொல்வதில்லை."

சட்டத்தரணி ஒரு தாளை எடுத்து, அஜின்கோர்ட் வீட்டின் முகவரியை இலக்கத்தோடு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "இப்போது இங்கேதானே இருக்கிறீர்கள்? மகன் குடும்பத்தோடு?"

விசாரணையை உலகத்தில் யாரும் நேரலையில் பார்க்கலாம்.

தலைமை நீதிபதி குறுக்கிட்டார். "சாட்சியின் அடையாளம் ஏற்கனவே உறுதியாகிவிட்டது. இன்னொரு முறை இப்படிக் கேட்டால் மிரட்டல் என்று பதிவு செய்வேன்." பிறகு மனோரஞ்சிதத்திடம், "நிறுத்திக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்றார்.

"இல்லை. அவர் கேட்கட்டும்."

முடிந்து கதவைத் திறந்தபோது கிருஷாந் வேலை உடுப்போடு படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ போகல்லையா?"

"எங்கட அட்ரஸை அவன் வாசிச்சது கேட்டது." அவன் படியிலிருந்து எழும்பினான். "நீங்கள் நிப்பாட்டிப்போடுவீங்களெண்டு நினைச்சன்."

அந்த மாதமே அந்த அரசாங்கத்திடமிருந்து விமான நிலையத்துக்கு முறைப்பாடு வந்தது. மனோரஞ்சிதம் இலஞ்சம் வாங்கினாராம், மகன் பணத்தை மறைத்தானாம். அதன் பிரதியை மனோரஞ்சிதம் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கிருஷாந்தின் பாஸை நிறுத்திவைத்து, மிசிசாகாவில் ஓர் அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த நாள் வந்தபோது அதே காலையில் இப்ராகிமாவின் வழக்கில் தீர்ப்பும் இருந்தது. அவன் உள்ளே போனான். அவர் கார் பார்க்கில் காருக்குள் இருந்தபடி போனைக் காதில் வைத்து நேரலையைக் கேட்டார்.

நீதிமன்றம் சுற்றி வளைக்கவில்லை. நீதிபதிகளை நீக்கியது தீர்ப்புக்கான பழிவாங்கல். இப்ராகிமாவைத் திரும்பப் பதவியில் அமர்த்த வேண்டும். சாட்சியின் மீது கிளப்பிய இலஞ்சக் குற்றச்சாட்டும் அதே பழிவாங்கல்தான். அதற்கு ஆதாரம் எதையும் அரசாங்கம் காட்டவில்லை.

அவர் காரிலிருந்து இறங்கினார். குளிரில் கோட்டும் போடாமல் அலுவலக வாசல்வரை போய்விட்டார். கிருஷாந் வெளியே வந்தான்.

"வெண்டிட்டம் மனே. என்ர பேரையும் சொல்லித்தான் வாசிச்சவங்க."

அவன் திரும்பவும் கதவைத் தள்ளினான். "வாங்கோ. அதை அவங்களுக்குக் காட்டுவம்."

பாஸ் அடுத்த மாதம் திரும்பக் கிடைத்தது. இப்ராகிமாவின் அரசாங்கம் அவ்வளவு சுலபமாகப் பணியவில்லை. தீர்ப்பை ஏற்கமாட்டோம் என்றது. அந்த நாட்டுச் சட்டத்தரணிகள் எல்லோரும் நீதிமன்றங்களுக்குப் போக மறுத்த பிறகுதான் அவரை நீதிபதியாக உள்ளே விட்டது.

அன்று இப்ராகிமா அழைத்தார். நாளைக்குத் தன் முன்னால் வருகிற முதல் வழக்கிலேயே அரசாங்கம்தான் எதிர்த்தரப்பு என்று சொன்னார்.

மனோரஞ்சிதம் அவருடைய மனைவியைப் பற்றி விசாரித்தார், உடம்பைப் பற்றி விசாரித்தார். அவர் தீர்க்கவேண்டிய அந்த வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.