நரைத்த குதிரைகள்

சகலையோடு பேச்சை நிறுத்துவது உலகத்திலேயே சுலபமான காரியம். அண்ணன் தம்பியோடு நிறுத்தினால் ஊர் கேட்கும். மாமனாரோடு நிறுத்தினால் வீட்டில் சோறு தாமதமாகும். சகலையோடு நிறுத்தினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, அக்கா தங்கை இரண்டு பேரைத் தவிர.

பல்செட்காரர் தன் சகலையோடு பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். அதனால்தான் சண்டை இவ்வளவு நாள் நீடித்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிக்கொண்டு மறுநாளே சேர்ந்திருப்பார்கள்.

அன்று சனிக்கிழமை காலை. பல்செட்காரர் தன் சிப்பாய்ப் பெட்டியைத் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீடு காலி பண்றாங்க. போற ஊருக்கு ரயில்ல ஒரு நாள் பூரா ஆகும்."

"தெரியும். மாத்தல்."

"அதுக்குள்ள அத்தான்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க."

"என்ன வார்த்தை?"

"ஏதாவது ஒண்ணு. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா பல்லு கொட்டிடாது. கொட்டினாலும் நீங்களே செஞ்சுக்கலாம்."

"அவர் முதல்ல பேசட்டும்."

"அவர் முதல்ல பேசி மூணு வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் பதில் சொல்லலை." அவள் டப்பாவைப் பையில் வைத்தாள். "நாங்க ரெண்டு பேரும் இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா உண்டு. வழியனுப்பப் போற இடத்துல நீங்க தூணைப் பார்த்துக்கிட்டு நின்னா எனக்கு எப்படி இருக்கும்?"

பல்செட்காரர் டப்பாவோடு இரண்டு கரண்டிகள் இருந்ததைக் கவனித்தார். ஒன்றை எடுத்து வெளியே வைக்கப் போனவர், இந்த நேரத்தில் அவள் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டுவது புத்திசாலித்தனம் இல்லை என்று விட்டுவிட்டார்.

அவர் போய்க்கொண்டிருந்தது மேசைப்போர்ப் போட்டிக்கு. ஆறடிக்கு நாலடி மேசையில் பச்சைத் துணி விரித்து, அட்டை வீடுகளும் பஞ்சு மரங்களும் வைத்து, கட்டைவிரல் உயரச் சிப்பாய்ப் பொம்மைகளை அணிவகுத்து, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெட்டிக்கொள்வார்கள். பொம்மைகளுக்கு அவரவரே வண்ணம் தீட்டிக்கொண்டு வர வேண்டும். வளர்ந்த ஆட்கள் இதற்காக ஒரு நாளை ஒதுக்குவார்கள் என்பதை நம்பாதவர்கள் உண்டு. பல்செட்காரரின் மாமியார் இரண்டு மருமகன்களையும் கண்ணால் பார்த்த பிறகும் நம்பவில்லை.

ஆமாம், சகலையும் இதே கிறுக்குத்தான். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஒரே பெட்டி வாங்கினார்கள். உள்ளே இரண்டு படைகள் இருந்தன. நீலச் சட்டை பல்செட்காரருக்கு, சிவப்புச் சட்டை லிஃப்ட்காரருக்கு. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் படையை ஒருவர் அழித்து, பிறகு ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே போட்டிக்கு முந்தின நாள் பல்செட்காரருக்குக் காய்ச்சல். இருபத்து நான்கு குதிரைவீரர்களுக்கு நாலு மாதமாக, பல் செதுக்கும் ஊசியால், கடிவாளத்தின் வளையம் வரை வண்ணம் தீட்டியிருந்தார். அதன்மேல் வார்னிஷ் மட்டும் அடிக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த லிஃப்ட்காரர், "நீங்க படுங்க சகலை, நான் பார்த்துக்கிறேன்" என்று பொம்மைகளைப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஸ்பிரே அடித்தார். வெளியே தூறல். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் அது கண்ணாடிபோலக் காயாது, சாம்பல் பூத்துப்போகும். விடிந்து பார்த்தால் இருபத்து நான்கு குதிரைகளும், மேலே இருந்த வீரர்களும், பூசணம் பிடித்ததுபோல வெளுத்து நின்றார்கள்.

லிஃப்ட்காரர் பார்த்தார். என்ன சொல்வது என்று தெரியாத மனிதர்கள் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார்கள். "குதிரைக்கெல்லாம் நரைச்சிருச்சு சகலை" என்று சிரித்தார்.

வார்னிஷைப் பல்செட்காரர் மன்னித்திருப்பார். அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. அன்று வேறு வழியில்லாமல் அந்தக் குதிரைகளையே போட்டிக்கு எடுத்துப் போனார். அங்கேதான் வம்பு வந்தது. நடுவர்கள் குனிந்து பார்த்து, விடியற்காலைப் பனிமூட்டத்தில் பாய்ந்து வரும் குதிரைப்படையை இவ்வளவு தத்ரூபமாக யாரும் செய்ததில்லை என்று சிறந்த வண்ணவேலைக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார் பல்செட்காரர்.

அன்றிலிருந்து அவர் நிலைமை தர்மசங்கடம். கோபத்துக்குக் காரணத்தைச் சொன்னால் கோப்பை போய்விடும். கோப்பையை வைத்துக்கொண்டால் கோபத்துக்குக் காரணம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினார். அது சுழற்கோப்பை, ஒன்றே ஒன்றுதான். வருஷாவருஷம் பையில் போட்டுக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, சாயங்காலம் மறுபடி வாங்கி வருவார்.

போட்டி நடப்பது நூலகத்தின் மூன்றாவது மாடிக் கூடத்தில். பல்செட்காரருக்கு முழங்கால் வலி உண்டு, லிஃப்டில்தான் ஏறினார். கூடத்தில் எட்டு மேசைகள், பதினாறு பேர், சுவரில் 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகை. போட்டியை நடத்தும் நூலகர் அம்மா பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலிலேயே சொல்வார். அவர் நீட்டிய படிவத்தில் வழக்கமான கேள்வி இருந்தது: பொம்மைகளில் வேறு யாருடைய கைவேலையாவது உண்டா? உண்டு என்றால் அந்தப் படை வண்ணவேலைப் பரிசுக்குப் போக முடியாது.

பல்செட்காரர் 'இல்லை' என்று எழுதினார். பேனா காகிதத்தில் கொஞ்சம் பதிந்துவிட்டது.

பிறகு ஜன்னல் ஓரமாகப் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கும்பிடுவார். ஆனால் பகடைக்காக ஆண்டவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் எதையும் கேட்காமல், கும்பிட்டு முடித்த பிறகும் சற்று நேரம் கண்ணைத் திறக்காமல் நிற்பார். அதை ஆண்டவன் எப்படி எடுத்துக்கொள்கிறாரோ, அது அவர் பாடு.

முதல் ஆட்டத்தில் ஒரு தையல்காரரிடம் தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு நூலகர் அம்மா சீட்டெடுத்து, "ஏழாவது மேசை" என்றார். பல்செட்காரர் போய்ப் பார்த்தார். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் லிஃப்ட்காரர். மூன்று வருஷமாக இந்தப் போட்டிப் பக்கமே வராத மனிதர், முதல் ஆட்டத்தில் தூண் மறைவில் இருந்திருக்கிறார்.

பல்செட்காரருக்கு இரண்டு கரண்டி ஞாபகம் வந்தது.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. எந்தப் படையை எங்கே நகர்த்தினாலும் முதலில் எதிராளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர்த்தினால் செல்லாது. பல்செட்காரர் யோசித்து, விதிக்கு எத்தனை வார்த்தை தேவையோ அதற்கு மேல் ஒன்றுகூடப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். விதிக்காகப் பேசுவது பேச்சில் சேராது.

"முதல் அணி. ஆறு அங்குலம். முன்னால்," என்றார்.

"சரிங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"பீரங்கி. சுடுகிறது."

"சுடுங்க."

பக்கத்து மேசையிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், தந்தி அடிக்கிற மாதிரி பேசுறீங்க? எழுத்துக்கு இவ்வளவுன்னு யாராச்சும் கேக்குறாங்களா?"

பல்செட்காரர் காதில் வாங்கவில்லை. அவர் கவனம் முழுக்க வார்த்தைகளைக் குறைப்பதிலேயே இருந்தது. 'பின்னால் திரும்பி' என்பதை 'திரும்பி' என்று சுருக்க முடிந்தபோது அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அந்தத் திருப்தியில் ஒரு விஷயத்தை அடியோடு மறந்துபோனார்.

நரைத்த குதிரைகள் இன்னும் மேசைக்கு வரவில்லை. அவற்றை அவர் மறைவுப் படையாக வைத்திருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் மூன்றாவது நகர்த்தும் முறை முடிவதற்குள் மேசைக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடத் தவறினால் அந்தப் படை வழிதவறிப் போனதாகக் கணக்கு, ஆட்டம் முடியும்வரை பெட்டியிலேயே கிடக்கும். மூன்றாவது முறையில் அவர் எல்லா அணிகளையும் நகர்த்திவிட்டார். "முறை மு..." என்று வாயெடுத்தார்.

"குதிரைங்களைக் கூப்பிடலையா சகலை?"

லிஃப்ட்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். ஒரே பெட்டியில் வாங்கிய படை. எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா?

பல்செட்காரர் கவிழ்ந்து கிடந்த சீட்டைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார்.

"சொல்லாம இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க," என்றார். விதிக்கு வெளியே அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ஆமா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நாலு மாசம் உட்கார்ந்து பெயிண்ட் அடிச்சது. பெட்டியிலேயே கிடந்தா நல்லாவா இருக்கும்?"

பல்செட்காரர் சீட்டைத் திருப்பினார். குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் இடதுபக்க விளிம்பில் வைத்தார். இருபத்து நான்கும் நிற்கும்வரை லிஃப்ட்காரர் காத்திருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நான் இவ்வளவு மோசமாவா அடிச்சிருக்கேன்?"

"ம்."

"அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. பயத்துல வந்த சிரிப்பு அது. அவசரக் கோளாறுன்னு கூப்பிட்டாங்கன்னு போய், ஓடிட்டிருந்த லிஃப்டையும் ஓடாம பண்ணினா வருமே, அந்தச் சிரிப்பு."

பல்செட்காரர் ஒரு குதிரையை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "இதுக்குத்தான் கோப்பை குடுத்தாங்க," என்றார்.

"தெரியும். மூணு வருஷமும்."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா உங்க கோப்பை போயிடுமே," என்றார் லிஃப்ட்காரர். "நான் வந்தா வாய் தவறி யார்கிட்டயாவது சொல்லிடுவேனோன்னுதான் இந்தப் பக்கமே வரலை. போறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போலாம்னு இன்னைக்கு வந்தேன். உங்க முறை சகலை."

குதிரைப்படை பாய்ந்தது. பல்செட்காரர் பத்துப் பகடை உருட்டினார். அதில் ஏழு பகடைகள் வெறும் ஒன்றைக் காட்டின. குதிரைகள் மிரண்டு, வந்த வழியே ஓடி, மேசையைவிட்டே போய்விட்டன. வழிதவறியிருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். ஆறாவது முறையில் சிவப்புச் சட்டைகள் ஜெயித்தன. ஆண்டவனிடம் எதையும் கேட்காதவர்களுக்கு இப்படித்தான், கேட்காதது ஏதாவது கிடைக்கும்.

பல்செட்காரர் நேராக நூலகர் அம்மாவின் மேசைக்குப் போனார்.

"என் படிவத்துல ஒரு திருத்தம் இருக்கும்மா."

நூலகர் அம்மா படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பல்செட்காரர் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'உண்டு. பனிமூட்டம் முழுவதும் என் சகலையுடையது' என்று எழுதினார். அந்த அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இந்தப் படை பரிசுக்குப் போகாது."

"போகக் கூடாதும்மா. இதுக்கு முந்தி போனதும் தப்பு." பையிலிருந்து கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். "மூணு வருஷத்துக்கும் சேர்த்து."

நூலகர் அம்மா கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்தார், சேதமில்லாமல் திரும்பி வந்திருக்கிறதா என்று. பிறகு ஏழாவது மேசைப் பக்கம் பார்த்து இன்னும் தாழ்ந்த குரலில், "அவர்தானா அது? எப்படிச் செஞ்சாராம்?" என்றார்.

"தூறல்ல அடிச்சாரும்மா. அதுக்குத் தைரியம் வேணும்."

சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே முற்றத்துக்குப் போனார்கள். பல்செட்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், லிஃப்ட்காரர் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தார். வேறு கம்பெனி பராமரிக்கும் லிஃப்டில் அவர் ஏறுவதில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் காரணம் தெரியும், மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நிம்மதி.

பல்செட்காரர் திறந்து நின்ற லிஃப்டைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். சத்தம் கேட்டு லிஃப்ட்காரர் திரும்பினார்.

"உங்களுக்கு முழங்கால் வலியாச்சே சகலை. லிஃப்ட்ல வாங்களேன்."

"பரவாயில்லை. ரெண்டு கரண்டி குடுத்து அனுப்பியிருக்கா."

லிஃப்ட்காரர் நாலு படி மேலே ஏறி வந்து டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல்செட்காரர் மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார்.

மூன்று வருஷம் தாமதமாக வந்த கேள்வி என்பதால் லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தே பதில் சொன்னார். "முதுகு மட்டும் அப்பப்போ பிடிக்குது. மத்தபடி நல்லா இருக்கேன். நீங்க?"

பல்செட்காரர் நாக்கால் தன் பல்வரிசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் கொட்டலை."

"என்னது?"

"ஒண்ணுமில்லை சகலை. பசிக்குது, வாங்க."