வலிக்கும்

எங்கள் வீட்டு ஆண்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். வலிக்குமா?

வலிக்கும் என்றால் இங்கே இழுக்கும் என்று அர்த்தம். நான் நாகர்கோவிலிலிருந்து வெள்ளறடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்கு வலி என்றால் வலிதான். இவர்கள் அதை நோவு என்பார்கள். மூத்தவளைப் பெறப்போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் "வலிக்குதே, வலிக்குதே" என்று கத்த, என் மாமியார் புஷ்பபாய் அத்தை, "ஆரு பிள்ளே ஒன்ன பிடிச்சு வலிக்கா?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமல் கேட்டதல்ல, கேலிதான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை கேள்வி அத்தையின் உயிரைப் பற்றியது. வயிற்றில் கட்டி. ஆபரேஷன் ஆகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஆறு வாரம் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரைப் பக்கம். வெள்ளறடை ரோட்டின் குலுக்கலில் தினமும் போய்வர அவர் உடம்பு தாங்காது. பக்கத்திலேயே அதியன்னூரில் அத்தையின் தங்கை ரத்னபாய் வீடு இருக்கிறது. ஆனால் அத்தை பிறத்தியார் கட்டிலில் படுக்க மாட்டார், பிறத்தியார் கக்கூசுக்குப் போக மாட்டார். தங்கை வீடும் பிறத்தியார் வீடுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நோவும் இல்ல ஒண்ணும் இல்ல. என்ன விட்டிருங்க" என்பதே எப்போதும் அவர் பேச்சு. டாக்டர் கேட்டாலும் அதே பதில்தான். ராத்திரியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தவள் நான். இந்தத் திங்கட்கிழமை தவறினால் அவர் இனி ஒருநாளும் போகமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வழி கண்டுபிடித்தது என் கணவர் சானுதான். அந்த மட்டில் நான் குறை சொல்லமாட்டேன். பூவாற்றில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து சின்ன டிரெய்லர் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரம், ஃபைபர் உடம்பு, உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டிக் கக்கூஸ். ரத்னபாய் வீட்டு முற்றத்தில் நிறுத்திக்கொண்டால் ஆறு வாரத்தை ஓட்டிவிடலாம். அத்தை அதை ஒருமுறை சுற்றிவந்தார். ஏறிப் படுத்துப் பார்த்தார். "இது எனக்க கட்டிலு" என்றார். அதோடு சம்மதம்.

இனி இதை எது இழுப்பது? எங்களிடம் இருப்பது ஒரு சின்னக் கார். பக்கத்துத் தோட்டத்து ரதீஷிடம் ஜீப் உண்டு. ரோட்டு வேலைக்கு சிமென்ட் மிக்ஸர் இழுத்துப்போகிற ஜீப். ஆனால் மழைத்தண்ணி ஓடையை யார் பக்கம் திருப்புவது என்பதில் அவனும் சானுவும் பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன.

"லேசான சாதனம். நம்ம காரு வலிக்கும்" என்றார் சானு.

"பின்ன, சுகமாட்டு வலிக்கும்" என்றார் மாமா, என் மாமனார் பொன்னுதாஸ்.

வீட்டில் கார் ஓட்டுவது நான். சானுவுக்கு லைசென்ஸ் உண்டு, பொறுமை கிடையாது. ஓட்டப்போகிறவள் என்பதால் நான் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒன்றில் ஓடும் பட்டையின் மேல் ஒரு பொம்மைக் கார், பின்னால் பொம்மை டிரெய்லர். கனத்தை டிரெய்லரின் முன்பக்கம் வைத்தால் நேராக ஓடுகிறது. பின்பக்கம் வைத்துவிட்டு விரலால் லேசாகத் தட்டினால் போதும், வாலை ஆட்ட ஆரம்பித்துக் காரையே தூக்கி வீசிவிடுகிறது. அதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. "வலிக்கிறது இருக்கட்டும், இறக்கத்துல நிக்குமா?" என்று கேட்டேன். சானு டயரை உதைத்துப் பார்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே அரிசிச் சாக்கையும் தண்ணீர்க் கேன்களையும் டிரெய்லரின் முன்மூலையில் அடுக்கினேன். ஆறு வாரம் தங்கப்போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா? மாமா நாலு பலாச்சக்கையும் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் கொண்டுவந்து வைத்தார். அவற்றையும் முன்னாலேயே வைக்கச் சொன்னேன். பிறகு டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். காரின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டையில் மாட்டுகிற கொக்கி அதில்தான் இருக்கிறது. நல்ல கனம். நடுமுதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை நான் அத்தையைக் குளிப்பாட்டி உடுத்திக் கொண்டுவருவதற்குள் ஆண்கள் டிரெய்லரைக் காரில் மாட்டி முடித்திருந்தார்கள். என் பக்கத்தில் சானு. பின்சீட்டில் மாமா, அவர் மடியில் தலைவைத்து அத்தை. டிரெய்லருக்குள் யாரும் ஏறக்கூடாது என்பதில் மட்டும் நான் ஒற்றைக்காலில் நின்றிருந்தேன். காரக்கோணம் வரை ஊர்ந்துதான் போனேன். கார் முக்கியது, ஆனாலும் இழுத்தது. "நான் சொன்னேன் இல்லியா" என்று சானு எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கு வைக்கவில்லை. தனுவச்சபுரம் தாண்டி, உதியன்குளங்கரையில் பெரிய ரோட்டில் ஏறியதும் பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்சம் வேகம் கூட்டினேன். அமரவிளைப் பாலத்துக்கு இறங்குகிற சரிவு தொடங்கியது.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"இதுக்காக்கும் நீ நேத்து அவ்வளவு பாடுபட்ட மக்கா. இன்னிக்கு காலத்த நான் ஒத்தக் கையில இல்லியா தூக்கி மாட்டினேன்."

ஒற்றைக் கையில் தூக்கினார் என்றால் மூக்கில் கனம் இல்லை. மூக்கில் கனம் இல்லை என்றால் அது எங்கே போயிற்று?

கேட்க நேரம் இல்லை. கண்ணாடியில் டிரெய்லரின் இடது ஓரம் தெரிந்தது, மறைந்தது, பிறகு வலது ஓரம் தெரிந்தது. ஸ்டியரிங் என் கையில் தானாக அசைந்தது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உலுக்குவதுபோல் இருந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை நிறுத்திவிட்டான். அவனும் பார்த்துவிட்டான் என்று புரிந்தது. எதிரே ஒரு டிப்பர் ஏறிவந்துகொண்டிருந்தது.

"பிரேக்கு சவுட்டு. சவுட்டு பிஜி" என்று கத்தினார் சானு.

"வாய மூடுங்க."

காலைப் பிரேக்கில் வைத்தால் முடிந்தோம். கார் நின்றாலும் டிரெய்லர் நிற்காது, எங்களை மடக்கி டிப்பருக்கு முன்னால் தள்ளும். ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். அது திமிறும்போது எதிர்ப்பக்கம் வெட்டிவிடச் சொல்லிக் கை துடித்தது. வெட்டவில்லை. கியரை ஒன்று குறைத்தேன். கார் உறுமியது. ஆட்டம் கூடியது. டிப்பரின் முகம் பெரிதாகி, எங்கள் ஓரத்தை உரசுவதுபோல் கடந்து போனது. நான் கர்த்தரைக் கூப்பிட்டேனா, கெட்ட வார்த்தை சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சானு இரண்டும் கேட்டதாகச் சொல்கிறார். பிறகு சரிவு தணிந்தது. ஆட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்து, பாலத்துக்கு முன்னால் நின்றுபோனது. ஓரத்தில் பூட்டிக்கிடந்த ஒரு கடைவாசலில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இறங்கினேன். டிரெய்லர் கதவைத் திறந்தேன். சக்கை, மரச்சீனிச் சாக்கு, தேங்காய், நான் அடுக்கிய அரிசி, தண்ணீர்க் கேன், எல்லாம் கட்டிலுக்குப் பின்னால், கடைசிச் சுவரை ஒட்டிக் கிடந்தன.

"இத யாரு மாத்தினது?"

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து நீ இத தூக்கிப்போட்டு நடுவப் பிடிச்சோண்டு நின்ன. நான் கண்டேன் மக்கா. சந்தைக்கு மரச்சீனி கொண்டுபோற கைவண்டியில பாரத்த பின்னால தள்ளினா கைப்பிடி லேசாவும். அதாக்கும் செய்தேன். ஒனக்கு நோவக்கூடாதுன்னு."

ஏச வேண்டும் என்று வாய்வரை வந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. என் முதுகுக்காக நாலு பேர் உயிரைப் பின்னால் தூக்கிவைத்திருக்கிறார் இந்த மனுஷன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சாக்கைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் முன்மூலைக்கு மாற்றினோம். மாற்றி முடித்ததும் காரின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் ரோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பின்னால் வைத்தால் டிரெய்லர் ஆடுகிறது. முன்னால் வைத்தால் கார் உட்காருகிறது. சக்கையை எல்லாம் ஆற்றில் போட்டாலும் இந்தக் காரின் பிரேக்கை நம்பி அதியன்னூர் வரை இனி நான் இழுப்பதாக இல்லை.

"இந்தக் காருக்கும் இதுக்கும் ஜோடி சேராது. வேற வண்டி வேணும்" என்றேன்.

எந்த வண்டி என்று எல்லோருக்கும் தெரியும், ரதீஷின் ஜீப். சானு பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்."

காருக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "நல்லதாச்சு. வீட்டுக்குப் போவலாம். எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"டிரெய்லர் இங்க நிக்கட்டும் அத்தை. நாம கார்ல ரத்னபாய் சித்தி வீட்டுக்குப் போயிருவோம்."

"எனக்க கட்டிலு இல்லாம நான் வரமாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அத்தையிடம் காட்ட முடியாது என்பதால் சானுவின் பக்கம் திரும்பினேன். "இப்ப திரும்பினா உங்க அம்மா மறுபடியும் கிளம்ப மாட்டாங்க. உங்களுக்கும் தெரியும். ஓடை பெரிசா, அம்மா பெரிசா? இப்பவே சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். எண்ணைத் தட்டிவிட்டு ரொம்ப நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரதீஷே, நான் சானு. அம்மைய கொண்டு வந்தோம். வழியில வண்டி பெட்டு நின்னுபோச்சு." பிறகு இடத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் உரக்கப் பேசியது எனக்கும் கேட்டது. ஒரே வார்த்தைதான்.

"வாறேன்."

ரதீஷ் வந்தான். சானுவிடம் ஒன்றும் பேசாமல் காரிலிருந்து இரும்பு உருண்டையைக் கழற்றி ஜீப்பில் மாட்டினான். சானு ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தார், அவன் வாங்கிக்கொண்டான். டிரெய்லரின் மூக்கை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்கி இறக்கினார்கள். ஜீப் கொஞ்சமும் அசையவில்லை.

"வலிக்குமா மக்கா?" என்று கேட்டார் மாமா. உயிர் போய்த் திரும்பினாலும் கேள்வி மாறாது.

"வலிக்கும் மாமா. சவுட்டினா நிக்கவும் செய்யும்" என்றான் ரதீஷ்.

அத்தை காரின் பின்சீட்டிலிருந்து ஜீப்பின் பின்சீட்டுக்கு மாறினார். "மாமி, நான் பைய போறேன்" என்றான் ரதீஷ். மாமா முன்னால் ஏறினார். நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சானு காலிக் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். பாலம் ஏறினோம். ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் கோடு போட்டதுபோல் நேராக வந்துகொண்டிருந்தது. அத்தை என் கையைப் பிடித்திருந்தார். பதினாலு வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"கண்டியா," என்றார் மாமா ரதீஷிடம், "என்னமா வலிக்குது."

"வலிக்குது" என்றார் அத்தை.

மாமா சிரித்தார். "கேட்டியா மக்கா, அவளே சொல்லுதா." ரதீஷும் சிரித்தான்.

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கீழுதடு பல்லுக்கு அடியில் இருந்தது. அவருடைய நகம் என் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லாததை, பெற்ற பிள்ளையிடமும் கட்டிய புருஷனிடமும் சொல்லாததை, மாமாவின் காதுபடவே, அவருக்குப் புரியாத என் வார்த்தையில் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"அத்தை, நிறுத்தச் சொல்லட்டா?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"வேண்டாம் மக்கா," என்றார். "போட்டும்."