படி வெட்டிய குழி

1

இந்தக் கதை ஓர் அத்திவாரத்துக்குள் கிடந்தது.

போன ஆவணியில் யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் ஒரு வெறும் வளவில் வீடு கட்டத் தோண்டினார்கள். மேலே ஒரு முழத்துக்குச் செம்மண், மிதித்து இறுக்கியது. அதற்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தோண்டியவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எங்கள் ஊர்களில் மண்ணுக்குள் வெள்ளையாக எது தெரிந்தாலும் வேலை நிற்கும். ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் வந்தது. ஒருவர் குந்தியிருந்து தடியால் கிளறிப் பார்த்தார்.

டயப்பர். குழந்தைகளுக்குக் கட்டி எறிவது. ஒரு குழி நிறைய, சுருட்டியது சுருட்டியபடி.

ஒருவரும் சிரிக்கவில்லை என்றார் எனக்கு இதைச் சொன்ன மேசன். இன்னொன்றும் சொன்னார்: குழிக்குப் படி இருந்தது. சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய படி.

படி வெட்டிய குழி என்றால் பங்கர். விமானம் வந்தால் ஓடி இறங்குவதற்கு வீட்டுக்கு வீடு வெட்டியது. அதற்குள் ஏன் டயப்பர்? வளவு பலர் கைமாறி வந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது. கீழே வருகிறவர்களை நான் உண்டாக்கினேன். குழியை நான் வெட்டவில்லை.

2

முதல் தொடக்கம்: "1995 தை மாதம் சண்டை நின்றது." [சரியான தகவல். அவ்வளவுதான்.]

இரண்டாம் தொடக்கம்: "ஒரு சமூகம் தன் கழிவை எங்கே வைக்கிறது என்பதைக் கொண்டே அதன்" [கட்டுரையாகப் போகிறது. வசனம் இங்கேயே கிடக்கட்டும். எறிய இடமில்லை.]

மூன்றாம் தொடக்கம்: குணலட்சுமி பீத்துணி அலம்பிக்கொண்டிருந்தாள்.

இதுதான்.

அந்த வருடங்களைப் பற்றி எழுத உனக்கு வேறொன்றும் அகப்படவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அகப்பட்டது. பலர் நன்றாக எழுதிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அந்த நாட்கள் எதில் விடிந்தன என்பதை நான் எங்கும் வாசிக்கவில்லை.

3

குணலட்சுமி பீத்துணி அலம்பிக்கொண்டிருந்தாள். பொருளாதாரத் தடை. சவர்க்காரம் ஊருக்குள் வருவதில்லை. வந்தது விலையில் எட்டாது. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் துணி தோய்த்தாள். ஊத்தை போனது. மஞ்சள் மிஞ்சியது. பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் கொடியில் வரிசையாக மஞ்சள் பிடித்துத் தொங்கின. அலம்பிய தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போனது. வாழை செழித்தது. அவள் விரல் இடுக்குகள் வெடித்தன.

(கணவன் தியாகராசாவுக்கு வவுனியாவில் உத்தியோகம். கதைக்கு அவன் தேவைப்படவில்லை. அந்த நாட்களில் பல வீடுகளில் அப்படித்தான்.)

தையில் சண்டை நின்றது. மாசியில் அக்கா அருந்ததி கனடாவிலிருந்து குழந்தை பார்க்க வந்தாள். கிளாலிக் கடலைப் படகில் கடந்து, ஆளுயரப் பொதி மூன்றோடு வந்தாள். தங்கச்சியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி நீ தோய்க்கிறதில்லை என்றாள். கட்டு, எறி, அடுத்ததைக் கட்டு.

விலை கேட்டபோது அருந்ததி முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். அவளுக்குக் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஒரு காலை முழுக்கக் குளிருக்குள் நின்று வெட்டினால் ஒரு பெட்டி.

அக்கா திரும்பிப் போன அன்றைக்கே குணலட்சுமி ஒரு டயப்பரைத் தோய்த்துப் பார்த்தாள். ஒரு காலைக் கூலியை எப்படி எறிவது? அது ஊதி, வெடித்து, சவ்வரிசி போல ஒன்று கல்லெல்லாம் வழிந்தது. துணி அல்ல அது. எறியத்தான் வேண்டும்.

4

எங்கே எறிவது?

எரித்தாள். கரும்புகை எழும்பி வேலிக்கு வெளியே ஒழுங்கை முழுக்க நாறியது. மிச்சம் உருகிக் கட்டியாகக் கிடந்தது. வாழையடியில் தாட்டாள். நாய் கிளறி ஒழுங்கையில் கொண்டுபோய் வைத்தது. கக்கூஸ் குழியில் போட்டாள். அடைத்துக்கொண்டது.

பக்கத்து வளவு ஏரம்பு வேலிக்கு மேலால் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, கனடாக் கோவணமோ?"

"ஓம் அண்ணை. ஒருக்காக் கட்டிப்போட்டு எறியவேணும்."

"எறியிறதுக்கெண்டே செய்தவங்களோ?" அவருக்கு அது விளங்க நேரம் எடுத்தது.

குழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. குணலட்சுமியின் வளவில், வேலியோரம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்கர். வவுனியாவுக்குப் போகுமுன் தியாகராசாவும் ஏரம்புவும் அலவாங்கால் கல்லுடைத்து ஒரு மாதமாக வெட்டியது. கூரைக்கு ஏரம்புவின் பனங்குற்றிகள். அதன் மேல் குணலட்சுமியின் பழைய சேலைகளில் தைத்த மண்மூட்டைகள். சண்டை நின்றபின் அதற்குள் தவளைதான் இருந்தது.

முதலாவதைப் போடும்போது சுற்றிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

* எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே விட்டது கீழே கிணற்றுக்குப் போகும். மற்றக் குழிகளைவிடப் பங்கர் ஆழம், தண்ணீருக்குக் கிட்ட. அவளுக்கு இது தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு அன்றைய நாளை முடிக்க வேண்டியிருந்தது. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. கிணறு சொல்லியிருக்கலாம்.

5

ஏரம்புவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. முதற் பிரதியில் அவர் வானத்தைப் பார்த்து, இந்தச் சமாதானம் [பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு எழுதிய வசனம். அவர் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை.]

இரண்டாம் பிரதியில் அவரும் நம்பினார். அதன்பிறகுதான் அவர் ஆளானார். பங்குனியில் ஒரு நாள் பங்கரின் மேல் மண்ணைச் சரித்து, மூட்டைகளை இறக்கி, பனங்குற்றிகளைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டார். நல்ல குற்றிகள், உக்குவதற்கு விடுவதா என்று மனைவி மீனாம்பிகையிடம் சொன்னார்.

கழற்றும்போது உள்ளே கிடந்ததைக் கண்டார். முழங்கால் அளவு இருந்தது. மாலையில் குணலட்சுமி வந்து, கூரை இல்லாததைக் கண்டாள். இருவரும் கதைக்கவில்லை. மற்றவரின் வேலையைக் கதைத்தால் தன் வேலையையும் கதைக்க வேண்டும். அதோடு, ஏன் கதைக்க வேண்டும்? சண்டைதான் முடிந்துவிட்டதே.

6

சித்திரை வருடப் பிறப்பு கழிந்து ஒரு கிழமை ஆகவில்லை. சண்டை திரும்பியது.

பிறகு ஒரு மத்தியானம் பொம்மர் விமானம் வந்து சுற்றியது. குணலட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து ஏரம்புவும் மீனாம்பிகையும் வந்தார்கள். கால்கள் பழகிய இடத்துக்கே வந்தன.

அந்தக் கிழமை மழை பெய்திருந்தது. கூரையில்லாத குழிக்குள் முழுவதும் விழுந்திருந்தது. டயப்பர்கள் அதைக் குடித்திருந்தன. அவை செய்யப்பட்டதே அதற்குத்தான். ஒவ்வொன்றும் தலையணை போல ஊதி, ஒன்றையொன்று தள்ளி மேலே வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலுள்ள படி மட்டும் தெரிந்தது.

"கூரை எங்கை அண்ணை?" தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"கொட்டிலிலை. மாடு பத்திரமா நிக்குது." அவர் குழியைப் பார்த்தார். "குழி எங்கை பிள்ளை?"

"நல்லா நம்பினியள், ரெண்டு பேரும்," என்றாள் மீனாம்பிகை. "படுங்கோ கீழை."

சரித்துவிட்ட மண்ணின் பின்னால் படுத்தார்கள். குணலட்சுமி முழங்கைகளை ஊன்றித் தன்னைக் கூரையாக்கிக்கொண்டாள். கீழே குழந்தை ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் வைத்தது. அவள் தடுக்கவில்லை. குண்டு கடற்கரைப் பக்கம் விழுந்தது. நிலம் ஒருமுறை அசைந்தது.

பொம்மர் போனபின் ஏரம்பு மண்வெட்டியோடு வந்தார். ஒன்றைக் கோலி எடுத்தார். அது உடைந்து அவர் காலில் வழிந்தது. மண்வெட்டியைத் தூக்கியபடியே நின்றார்.

"உதுகளை எங்கை போடுறது, பிள்ளை?"

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

அ. இருவருமாகக் குழியை வெறுமையாக்கினார்கள். கொட்டிலைப் பிரித்துக் கூரையைத் திரும்பப் போட்டார்கள். அடுத்த முறை பொம்மர் வந்தபோது குழந்தை உள்ளே நித்திரை. ஒரு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். மேசன் கண்ட குழி வெறுமையாக இல்லை.

ஆ. அடுத்த முறை பொம்மர் வந்தபோது குழந்தை [இந்த வசனத்தை முடிக்க எனக்குத் தெரியும். முடிக்க மாட்டேன்.]

இ. எறிய இடமில்லை என்பதால் பங்கரையே கைவிட்டார்கள். நாயும் மழையும் கிளறாதபடி செம்மண் போட்டு மூடி, மிதித்து இறுக்கினார்கள். பிறகு ஏரம்புவின் வளவில், வேலிக்கு அந்தப் பக்கம், அலவாங்கை எடுத்துக் கல்லில் முதல் இடி இடித்தார்கள். முந்தின குழிக்கு இரண்டு ஆண்கள், விமானம் வராத ஒரு மாதம். இப்போது ஏரம்புவும் குணலட்சுமியும். மீனாம்பிகை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள்.

நான் நம்புவது இதை. மிதித்து இறுக்கிய மண் ஒன்றைத்தான் சொல்கிறது: மூடிய அன்றைக்கு அங்கே உயிரோடு ஆள் இருந்தது. அடுத்த நாளைப் பற்றி அதற்குத் தெரியாது.

8

புது வீட்டுக்காரரும் உதுகளை எங்கே போடுவது என்றுதான் கேட்டாராம். பிரதேச சபையின் குப்பை அள்ளும் உழவு இயந்திரக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். அப்படியே விட்டு மேலே கொங்கிறீற் போட்டார்கள். அறை எழும்பிவிட்டது. டயப்பர்கள் கீழே கிடக்கின்றன. நானும் நீங்களும் போனபின்னும் கிடக்கும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது கழிந்திருக்கும். அல்லது கழிந்திராது.

முடிவு இ உண்மையென்றால் அதற்கு அடையாளம் இருக்கும்: படி வெட்டிய இன்னொரு குழி. வேலி நின்ற இடத்தில் இப்போது மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பற்றைக்காடு.

அங்கே இன்னும் ஒருவரும் தோண்டவில்லை.