பன்னிரண்டு விநாடி

கபன் துணியில் வாப்பாவின் முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். ரைஹானத்தின் கண் மடியிலிருந்த அவருடைய போனை விட்டு நகரவில்லை.

"ஏளா, மய்யித்து வீட்டுல என்னளா போன நோண்டுத?" என்றாள் மாமி ஹமீது பீவி.

வாப்பா நூர்முகம்மது சார் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகளும் ரீல்ஸ் பார்க்கும் என்று, போன வருடத்திலிருந்து ஒரு நிமிடப் பாடங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் மகள். முன்னால் வரச் சொன்னால் ஓடிவிடுவாள்.

நேற்று மாலை மின்சுற்றுப் பாடம். ஒரு நிமிடத்துக்கு மேல் பன்னிரண்டு விநாடி கூடிப்போனது. நடுவில் வெட்டி ஏற்றினாள். "ஒரு தடவ பாத்துருங்க வாப்பா."

"நீ பாத்தா போதும்ளா" என்று படுக்கப் போனவர், சுபுஹு தொழுகைக்கு எழுப்பியபோது எழவில்லை.

எதை வெட்டினாள் என்பது அவளுக்கே காலையில்தான் தெரிந்தது. ஃபர்ஹத் என்ற மாணவி வீடியோவுக்குக் கீழே இரவே கேட்டிருந்தாள்: 'சார், நம்ம வீட்டு லைட்டெல்லாம் தொடரிணைப்பா? பரீட்சைல அப்படியே எழுதட்டுமா?' வீட்டில் இருப்பது பக்க இணைப்பு, அதனால்தான் ஒரு விளக்கை அணைத்தாலும் மற்றவை எரிகின்றன என்று வாப்பா சொன்ன வரியையே காணவில்லை. பரீட்சை நாளைக்கு. கேள்விக்கு மேல், மவுத்துச் செய்தி கேட்டவர்கள் எழுதிய நூறு துஆக்கள் குவிந்துவிட்டன.

அண்ணன் அலி அஸ்கர் உள்ளே வந்தான்.

"காக்கா, அந்த வீடியோவ எடுத்துறட்டா? தப்பா இருக்கு."

"கிறுக்கா ஒனக்கு? வாப்பா கடைசியா பேசுனது அது. தொடாத."

பதில் எழுதலாம். இறந்தவர் பெயரிலா? விரலை வைத்தாள். எடுத்தாள்.

மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கு வந்தது. தூக்குமுன் காக்கா வாசலில் நின்று வழக்கப்படி கேட்டான்: "எங்க வாப்பா யாருக்காவது ஏதும் குறை வச்சிருந்தா, மனசு நோகப் பேசியிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது தெரு.

ரைஹானத் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படி வரை வந்தாள்.

"ஒரு நிமிஷம், காக்கா." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நேத்தைக்கு வீடியோல வாப்பா சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் அத வெட்டிட்டேன். வீட்டுல இருக்கது பக்க இணைப்பு. நாளைக்கு அப்படித்தான் எழுதணும்."

யாரோ இருமினார்கள். காக்கா அவளையே பார்த்தான். பிறகு தெருவில் நின்ற மாணவர்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டியளா பிள்ளையளா?"

கலிமா சத்தத்தோடு சந்தூக்கு தெருமுனையில் திரும்பியது. பெண்கள் உள்ளே துஆவுக்கு உட்கார்ந்தார்கள். பள்ளிச் சீருடையில் ஒருத்தி ரைஹானத்தை ஒட்டி உட்கார்ந்து கையேந்தினாள். உள்ளங்கையில் அப்போதுதான் நீல மையில் எழுதிய இரண்டு சொற்கள்; வியர்வையில் இலேசாகக் கலங்கியிருந்தன.